மாத்திரையை மாத்தணுமா, நிறுத்தணுமா? நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து வரலாறு ஒன்று



பதிவு கொஞ்சம் நீளம். பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது பொறுமையா படிங்க.

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு கேள்வி வந்தது. பெயரில்லாத கணக்கு.

"சார், எட்டு வருஷமா ஏ.ஆர்.டி. மாத்திரை போடறேன். வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. ஆனா புது மாத்திரைக்கு மாத்தினதிலிருந்து ஒன்பது கிலோ ஏறிட்டேன். ராத்திரி தூக்கமும் சரியில்ல. வேற மாத்திரை கேக்கலாமா? இல்ல ஒரு மாசம் நிறுத்திப் பாக்கட்டுமா?"

ஏ.ஆர்.டி. என்பது எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியது.

அவர் கேட்டது ரெண்டு கேள்வி. "வேற மாத்திரை கேக்கலாமா" என்பது ஒன்று. "நிறுத்திப் பாக்கட்டுமா" என்பது இன்னொன்று. கேட்பவருக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். வைரஸுக்கு அப்படி இல்லை.

பதிலை ரெண்டு வரியில் அனுப்பிட்டேன். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி நம்ம ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கு. அதை எழுதணும்னு தோணுச்சு.

புள்ளிராஜா விளம்பரம் ஞாபகம் இருக்கா? 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் சுவரெல்லாம் அவர்தான். எய்ட்ஸ் வருமா வராதா என்று ஊரே பேசிச் சிரிச்சது. அதே காலத்தில் வந்துவிட்டவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஒரே பதில்தான். தாம்பரம் சானடோரியம்.

இன்றைக்கு செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருக்கும் அந்த மருத்துவமனையை 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, காற்றோட்டமான இடம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும்தான் வைத்தியம். ரயில் நிலையத்துக்கே "தாம்பரம் சானடோரியம்" என்றுதான் பெயர்.

1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த வேலை அது. ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அந்தக் கதைக்குத் தனிப் பதிவு போடணும், இன்னொரு நாள்.

எச்.ஐ.வி. முற்றினால் நம்ம நாட்டில் பெரும்பாலும் முதலில் வருவது காசநோய். அதனால 1990-களில் அந்த நோயாளிகள் தாம்பரம் வந்து சேர்ந்தார்கள். மற்ற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் வந்தார்கள். வைரஸுக்கு எதிரான மருந்து உலகத்தில் இருந்தது, ஆனா வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். அன்றைய கணக்கில் நாலு லட்ச ரூபாய்க்கு மேல். யார் வாங்குவா? அங்கே ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று சித்த மருந்துகளைக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைக் கிண்டல் செய்யும் அலோபதி நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த வருஷத்தில் அந்த வார்டில் நின்றிருந்தால் நீங்க என்ன கொடுத்திருப்பீங்க?

2001 பிப்ரவரியில் நிலைமை மாறியது. மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, மூன்று மருந்துகளையும் சேர்த்து வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக எம்.எஸ்.எஃப். என்ற எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அறிவித்தார். சுமார் 16,000 ரூபாய். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் ஒரே மாத்திரையில். காலை ஒன்று, இரவு ஒன்று.

2004 ஏப்ரல் 1. மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. திட்டத்தைத் தொடங்கியது. நாட்டிலேயே முதலில் தொடங்கிய எட்டு அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே போனவர்களுக்கு மாத்திரை. (சிடி4 என்பது நம்ம உடம்பின் எதிர்ப்புப் படையில் ஒரு வகை வெள்ளணு. வைரஸ் குறிவைத்து அழிப்பது அதைத்தான்.)

ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் ஆறு மாசத்தில் நடந்து போனார்கள். அந்தக் காலத்தில் வேலை பார்த்த எந்த டாக்டரையோ நர்ஸையோ கேளுங்க, இதைத்தான் முதலில் சொல்வாங்க. நானும் பார்த்தேன். அப்போ நான் ஒரு அரசு மருத்துவமனையில் ஜூனியர்.

இப்போ மாமல்லபுரத்துக்காரர் ஒருத்தரைப் பற்றிச் சொல்றேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கேன்.

கல் சிற்பி. அண்ணன் என்றே வச்சுக்குவோம். மாமல்லபுரம் போனவங்களுக்குத் தெரியும், ரோட்டோரம் முழுக்கக் கல் பட்டறை, டக் டக் சத்தம் நிக்கவே நிக்காது. கல் தூள் நுரையீரலுக்குள் போய்ப் படியும். படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமா வரும். அண்ணனுக்குக் காசநோய்க்குச் சோதனை செய்தபோதுதான் எச்.ஐ.வி.யும் தெரிஞ்சது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். "நம்ம ஆளுங்க யாராவது பாத்துடுவாங்க சார்." அதனால திருக்கழுக்குன்றம் தாண்டி, பஸ் மாறி, எங்க ஆஸ்பத்திரிக்கு வருவார். அன்றைக்குப் பட்டறைக்கு லீவு, அன்றைய கூலி போச்சு.

முதலில் காசநோய் மாத்திரை, பிறகு ஏ.ஆர்.டி. உடம்பு தேறியது. எடை 44-லிருந்து 57. திரும்ப உளி பிடித்தார்.

ஒன்றரை வருஷம் கழித்துச் சொன்னார்: "பாதம் எரியுது சார். ராத்திரி போர்வை பட்டாக்கூட எரியுது. ஊசி வச்சுக் குத்துற மாதிரி."

நான் வைட்டமின் மாத்திரை எழுதினேன்.

அடுத்த முறை வந்தப்போ முகத்தை நான் கவனிச்சேன். எடை குறையவில்லை. ஆனா கன்னம் ரெண்டும் உள்ளே போயிருந்தது. கை காலில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. அவரே சொன்னார்: "நான் செதுக்குற சிலைக்குக் கன்னம் இருக்கு. எனக்கு இல்ல. பட்டறைல கேக்கறாங்க சார், உனக்கு என்ன வியாதின்னு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உயிரோட இருக்கீங்களே அண்ணே, அது போதாதா?"

நல்ல மனசோடதான் சொன்னேன். அவர் தலையாட்டிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாலு மாசம் வரவே இல்லை.

அந்தக் கன்னத்துக்கும் பாதத்துக்கும் காரணம் ஒரே மருந்து. ஸ்டாவுடின். 1966-இல் அமெரிக்காவில் ஜெரோம் ஹோர்விட்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மூலக்கூறு. அவர் தேடியது புற்றுநோய்க்கு மருந்து. எச்.ஐ.வி.க்கு வந்த முதல் மருந்தான ஏ.இசட்.டி.யையும் 1964-இல் அவர்தான் செய்தார். ரெண்டும் புற்றுநோய்க்கு உதவவில்லை. இருபது வருஷம் அலமாரியில் கிடந்த பிறகுதான் இந்த வைரஸுக்கு எதிராக வேலை செய்யும் என்று தெரிஞ்சது.

வைரஸ் தன் மரபணுவை நகலெடுக்கும்போது இந்த மருந்து ஒரு போலி எழுத்து மாதிரி நுழைந்து நகலை நிறுத்திவிடும். பிரச்சனை என்னன்னா, நம்ம செல்லுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா இருக்கு. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் அடுப்பு. அதுக்கும் தனியா மரபணு உண்டு, அதையும் நகலெடுக்கும் நொதி உண்டு. ஸ்டாவுடின் அந்த நொதியையும் கெடுக்கும். அடுப்பு மெதுவா அணையும். உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது, அதனால முதலில் பாதிக்கப்படுவது பாதம். கன்னத்திலும் கை காலிலும் உள்ள கொழுப்பு செல்கள் சாகும். சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கூடவே காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரையும் நரம்பைத் தொடும் மருந்து. அண்ணன் மாதிரி ரெண்டையும் சாப்பிட்டவர்களுக்கு நரம்பு எரிச்சல் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

தெரிஞ்சும் ஏன் கொடுத்தாங்க? கோபப்படறதுக்கு முன்னாடி அன்றைய கணக்கைப் பாருங்க. மாற்று மருந்தான ஏ.இசட்.டி. ரத்தசோகையை உண்டாக்கும். நம்ம ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. அடிக்கடி ஹீமோகுளோபின் பார்க்கணும். டெனோஃபோவிர் விலை அதிகம். ஸ்டாவுடின் மலிவு, ரத்தப் பரிசோதனை பெரிசா தேவையில்லை, முதல் சில மாசங்களில் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. செத்துக்கொண்டிருந்தவர்களின் கூட்டத்தை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பணக்கார நாடுகளில் அதை ஓரங்கட்டிய பிறகும் நம்ம ஊரில் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தோமே, அது மட்டும் இன்றும் உறுத்துகிறது.

இந்தக் கதை நம்ம மாவட்டத்துக்குப் புதுசு இல்லை.

செங்கல்பட்டுப் பக்கம் திருமணியில் மத்திய தொழுநோய் நிறுவனம் இருக்கு. அதன் பழைய பெயர் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1940-களில் அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர் டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். மனிதர்களுக்குத் தாங்காது, விஷம் என்று ஒதுக்கப்பட்டிருந்த மருந்து அது. அவர் மாதிரி சிலர் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான், குறைந்த அளவே தொழுநோய்க்குப் போதும் என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஏ.இசட்.டி. கதையும் அதேதான். 1987-இல் வந்தபோது நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, நடு ராத்திரியில் அலாரம் வைத்து எழுந்து சாப்பிட்டார்கள். ரத்தம் வற்றிப் போனது. 1990-இல் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள், மருந்து அப்போதும் வேலை செய்தது.

தொழுநோய்க்குப் பிறகு வந்த க்ளோஃபாசிமின் மருந்து இன்னொரு பாடம். நோயைக் கட்டுப்படுத்தும். ஆனா தோல் சிவந்து, பிறகு கறுக்கும். முதலில் முகத்தில் தெரியும். டாக்டருக்கு அது "சாதாரண பக்கவிளைவு, நிறுத்தினா சரியாயிடும்". கல்யாணத்துக்கு நிற்கும் பொண்ணுக்கு அது ஊருக்கே ஒட்டிய போஸ்டர். மருந்தைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. மருந்து தந்த வேதனையைவிட மருந்து காட்டிக்கொடுத்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

ஒடுங்கின கன்னமும் அப்படித்தான். மருந்து எதை மறைக்க வேண்டுமோ அதையே முகத்தில் எழுதி வைத்தது.

அண்ணனிடம் வருவோம்.

நாலு மாசம் கழித்து வந்தார். வாயெல்லாம் வெள்ளைப் படலம், சாப்பிட முடியலை. 310-ல் இருந்த சிடி4 இப்போ 140. "நிறுத்திட்டேன் சார். கால் எரிச்சல் கொஞ்சம் குறைஞ்சுது. அப்புறம் இப்படி ஆயிடுச்சு."

நிறுத்தியதில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இன்பாக்ஸ் நண்பர் கேட்ட ரெண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்.

மூன்று மருந்து சேர்ந்தால்தான் வைரஸ் அடங்கும். ஒன்று தப்ப விட்டதை இன்னொன்று பிடிக்கும். ஆனா மூன்றும் உடம்பை விட்டு ஒரே நேரத்தில் போகாது. ஸ்டாவுடினும் லாமிவுடினும் சீக்கிரம் போயிடும். நெவிரபின் நாள்கணக்கில் ரத்தத்தில் தங்கும். ஒரே நாளில் மூன்றையும் நிறுத்தினாலும், அடுத்த பல நாள் உடம்பில் இருப்பது நெவிரபின் மட்டும்தான். தனியா நிற்கும் ஒரு காவல்காரனை ஏமாற்ற வைரஸ் கத்துக்கும். ஒரு முறை கத்துக்கிட்டால் மறக்காது. அதுதான் மருந்து எதிர்ப்பு.

அதற்கப்புறம் ஸ்டாவுடினை எடுத்துவிட்டு ஏ.இசட்.டி. போட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். சிடி4 ஏறவே இல்லை. நெவிரபின் அவருக்கு வேலை செய்வது நின்றுவிட்டது. அதே குடும்பத்து எஃபாவிரென்ஸும் சேர்ந்தே போச்சு. ஒரு மருந்தை இழந்தால் சில சமயம் அதன் சொந்தக்காரர்களையும் இழப்போம்.

அவருடைய அதிர்ஷ்டம், 2008 ஜனவரியில் அரசு இரண்டாம் கட்ட மருந்துகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் நாட்டில் ரெண்டே இடம், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் நம்ம தாம்பரமும். அந்த மருந்தில் அவர் பிழைச்சார். வயிற்றுப்போக்கு, வாய்க் கசப்பு என்று அதற்கும் தனித் தொந்தரவு உண்டு. எல்லாம் சேர்ந்துதான்.

நான் பல நாள் யோசித்தது இதைத்தான். எரிச்சல் என்று முதல் தடவை சொன்னபோதே அந்த ஒரு மருந்தை மாத்தியிருந்தால்? ஏ.இசட்.டி. அலமாரியில் இருந்தது. மாத்துவதற்கு விதியும் இருந்தது. அப்போ வைரஸ் அடங்கியிருந்தது. ஒன்றை எடுத்து ஒன்றை வைத்தால் முடிஞ்சிருக்கும். அவர் மாத்தச் சொல்லிக் கேட்டார், நான் காது கொடுக்கலை. அதனால அவர் நிறுத்தினார்.

புகார் சொன்னவர் அவர் ஒருத்தர் இல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆயிரக்கணக்கான பேர் அதே பாதத்தையும் அதே கன்னத்தையும் காட்டினார்கள். 60 கிலோவுக்கு மேல் இருந்தவர்களுக்கு வேளைக்கு 40 மில்லிகிராம் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2007-இல் எல்லோருக்கும் 30 போதும் என்றது உலக சுகாதார நிறுவனம். 2009 நவம்பர் கடைசியில், ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுங்கள் என்றே சொன்னது. அடுத்த சில வருஷங்களில் இந்தியாவிலும் அது போனது. டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை வந்தது, ராத்திரி படுக்கும்போது ஒன்று.

எஃபாவிரென்ஸுக்கும் ஒரு விசேஷம் உண்டு. கனவு. கலர் கலரா, சத்தத்தோட, நிஜம் மாதிரி கனவு. கூடவே தலைசுத்தல். பலருக்குச் சில வாரத்தில் அடங்கிடும். சிலருக்கு மனச்சோர்வு வரைக்கும் போகும். "கனவுதானே" என்று அதையும் நாங்க சிரிச்சுத் தள்ளியிருக்கோம். ராத்திரி கடலுக்குப் போய்விட்டு விடியற்காலை படுக்கும் மீனவரிடம் "படுக்கும்போது போடுங்க" என்று சொன்னால் அவர் எந்த நேரத்தில் போடுவார் என்றுகூட யாரும் கேட்டதில்லை. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கரையில் இருப்பவர்களின் தூக்கம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை.

இப்போ டி.எல்.டி. அதாவது எஃபாவிரென்ஸுக்குப் பதில் டோலுடெகிராவிர். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் முதல் தேர்வு என்றது. 2020-21 வாக்கில் நம்ம அரசு மையங்களுக்கும் வந்தது. வைரஸை வேகமா அடக்கும், எதிர்ப்பு உண்டாவது அரிது. இதுவரை வந்ததில் நல்ல மருந்துகளில் ஒன்று, சந்தேகமில்லை. 2018-இல் ஒரு பயம் வந்தது. போட்ஸ்வானா ஆய்வில், கரு உருவாகும் சமயத்தில் இந்த மருந்து எடுத்த தாய்மார்களின் குழந்தைகள் சிலருக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்ததாகத் தெரிஞ்சது. உலகமே பதறியது. தொடர்ந்து எண்ணிக்கொண்டே போனபோது அந்த வித்தியாசம் கரைந்துபோனது. இன்றைக்குக் கர்ப்பிணிகளுக்கும் அதுதான் கொடுக்கிறோம்.

சரி, இன்பாக்ஸ் நண்பரின் ஒன்பது கிலோ?

உண்மைதான், கற்பனை இல்லை. ஆப்பிரிக்க ஆய்வுகளில் டோலுடெகிராவிர் எடுத்தவர்களுக்கு எடை கூடுவதைத் தெளிவாகப் பார்த்தார்கள், பெண்களுக்குக் கூடுதலாக. அதில் ஒரு பங்கு, நோயில் கரைந்த உடம்பு திரும்புவது. இன்னொரு பங்கு, எஃபாவிரென்ஸ் பிடித்துவைத்திருந்த எடை அது போனதும் ஏறுவது. இந்த மருந்தே எவ்வளவு ஏத்துகிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ஒன்று மட்டும் சொல்லலாம், எடைக்காக மட்டும் மருந்தை மாத்தினவர்களுக்குப் பெரும்பாலும் ஏறின எடை பெரிசா இறங்கலை. அதனால முதலில் சுகர், பி.பி., கொழுப்பு பாருங்க. சாப்பாட்டையும் நடையையும் ஒரு ஆறு மாசம் கவனிங்க. இதையெல்லாம் நான் சொல்வது "உயிரோட இருக்கீங்களே" என்ற பழைய அர்த்தத்தில் இல்லை. சுகர் ஏறுகிறது, மூட்டு தாங்கலை என்றால் அது மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய காரணம்தான்.

தூக்கம் இன்னும் சுலபம். ராத்திரி போடும் பழக்கம் பழைய எஃபாவிரென்ஸ் காலத்துப் பழக்கம். பலர் மருந்து மாறிய பிறகும் நேரத்தை மாத்தவே இல்லை. டி.எல்.டி.யைக் காலையில் போடலாம். உங்க ஏ.ஆர்.டி. சென்டரில் சொல்லிட்டு மாத்துங்க. பாதிப் பேருக்கு மேல் இதிலேயே சரியாவதை நான் பார்க்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அல்சர் ஜெலுசில் வகை மருந்து டோலுடெகிராவிரை உடம்பில் சேர விடாது. மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழித்தோ, அல்லது ஆறு மணி நேரம் முன்னாடியோ அதைக் குடிங்க. இரும்பு, கால்சியம் மாத்திரை என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம், வெறும் வயிற்றில் சேர்த்துப் போடக் கூடாது. சுகருக்கு மெட்ஃபார்மின் போடுபவர்கள் அவசியம் டாக்டரிடம் சொல்லணும், அளவைக் கட்டுப்படுத்தணும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெகிராவிர் ஒரு வேளைக்குப் பதில் ரெண்டு வேளை தேவைப்படும். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினதைப் பார்த்து உடனே கிட்னி போச்சுன்னு பயப்படாதீங்க. டோலுடெகிராவிர் கிட்னியைக் கெடுக்காமலேயே அந்த எண்ணைக் கொஞ்சம் ஏத்திக் காட்டும். ஆனா கூட இருக்கும் டெனோஃபோவிர் சிலருக்கு நிஜமாவே கிட்னியைத் தொடும். எது என்று பார்ப்பது டாக்டர் வேலை. நீங்களா முடிவு பண்ணாதீங்க.

மாத்தியே ஆகணும் என்ற நிலை வந்தால் எப்படி மாத்துவாங்க? முதலில் வைரல் லோடு பார்ப்பாங்க. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற கணக்கு. அண்ணன் காலத்தில் அது எளிதில் கிடைக்காத டெஸ்ட், இப்போ அரசு மையங்களிலேயே இலவசம். வைரஸ் அடங்கியிருந்தால், தொந்தரவு தரும் ஒரு மருந்தை மட்டும் எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல், பழையது முடியும் இடத்தில் புதுசு. வைரஸ் அடங்காமல் இருந்தால் அப்படி ஒன்றை மட்டும் மாத்தக் கூடாது, புது மருந்தும் வீணாகும். அப்போ மொத்தக் கூட்டையும் யோசிக்கணும். இதைத் தெரிஞ்சுக்கத்தான் டெஸ்ட். "மாத்த மாட்டேங்கறாங்க, டெஸ்ட் எழுதி இழுத்தடிக்கறாங்க" என்று நினைக்காதீங்க.

காத்திருக்கக் கூடாத சமயமும் இருக்கு. புது மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, கூடவே காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, அல்லது கண் மஞ்சள், விடாத வாந்தி. இது வந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதியைப் பார்க்காதீங்க, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அபாகவிர் என்ற மருந்தால் ஒரு முறை இப்படி ஒவ்வாமை வந்தவர்கள் வாழ்நாளில் மறுபடி அதைத் தொடவே கூடாது. பேரை உங்க பச்சைப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கங்க.

சென்டரில் கூட்டம் இருக்கும், டாக்டருக்கு ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும், எனக்குத் தெரியும். அதனால போறதுக்கு முன்னாடியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கங்க. எது தொந்தரவு, எப்போ ஆரம்பித்தது, மாத்திரை போட்ட எத்தனை மணி நேரத்தில் வருது, வேறென்ன மாத்திரை, லேகியம், ஜிம் பவுடர் சாப்பிடறீங்க. எத்தனை வேளை தவறிப்போச்சு என்பதையும் மறைக்காம எழுதுங்க, திட்டு விழுந்தாலும் பரவாயில்லை. டாக்டர் காது கொடுக்கலைன்னா கவுன்சிலரிடம் சொல்லுங்க, அவர் வழியா மறுபடி டாக்டரிடம் வாங்க. 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி உங்க நிலைமையை உங்க அனுமதி இல்லாம யாரும் வெளியே சொல்லக் கூடாது. உங்க ஊருக்குப் பக்கத்திலேயே சென்டர் இருந்தால், ரெண்டு பஸ் மாறிப் போறதைவிட அங்கே போறது மாத்திரை தவறாம இருக்க உதவும். அது உங்க விருப்பம்.

அண்ணன் இப்பவும் மாமல்லபுரத்தில்தான். கன்னம் கொஞ்சம் திரும்பியிருக்கு, முழுசா இல்லை. கால் விரல் நுனி ரெண்டிலும் இன்னும் உணர்வு சரியா வரலை. உட்கார்ந்து செதுக்கும்போது கல்லைக் காலால் அணைச்சுப் பிடிக்கணும் இல்லையா, அதனால பழைய டயர் ட்யூபை வெட்டிப் பாதத்தில் கட்டிக்கிறார். தெரியாம உளி பட்டா ரத்தம் வந்த பிறகுதான் தெரியும் என்கிறார். போன தடவை பார்த்தப்போ ஒரு சின்னப் பிள்ளையார் கொடுத்தார். நல்லாத் தொப்பையோட, உப்பின கன்னத்தோட இருந்தார் பிள்ளையார். என் கிளினிக் மேஜையில் இருக்கார்.

இன்பாக்ஸ் நண்பர் இன்னிக்குக் காலையில் பதில் போட்டிருந்தார். மாத்திரையைக் காலைக்கு மாத்திக்கச் சென்டரில் சரி சொல்லிட்டாங்களாம். வைரல் லோடும் சுகரும் எழுதிக் கொடுத்திருக்காங்களாம். ரிசல்ட் வந்த பிறகு பேசுவோம் என்று சொல்லியிருக்கேன்.

உங்களுக்கோ உங்க வீட்டில் யாருக்கோ இதே சந்தேகம் இருந்தால் கமென்ட்டில் பெயரோட எழுத வேண்டாம், இன்பாக்ஸ் வாங்க. எனக்குப் பதில் போட நேரமாகும். அவசரம்னா 1097, தேசிய எய்ட்ஸ் உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.